அடுப்படிக்குச் சுவர் வேண்டுமா

1

போன ஞாயிற்றுக்கிழமை பாளையம்பட்டியிலிருந்து மீனா ஒரு படம் அனுப்பியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது சொந்தமாக வீடு கட்டுகிறாள். படத்தில் இருந்தது இன்ஜினீயர் போட்டுக் கொடுத்த பிளான். சமையலறை வரும் இடத்தைச் சிவப்புப் பேனாவால் சுற்றி வளைத்து, பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். பின்னாலேயே அவள் குரலும் வந்தது.

"ஏ செல்வி, இன்ஜினீயரு ஹாலையும் அடுப்படியையும் ஒண்ணாக்கிருவோங்காரு. எங்க வீட்டுக்காரரு வேண்டாங்காக. நீதான் அந்த மாதிரி வீட்டுல இருக்க. சுவரு வைக்கவா, வேண்டாமா? ஒரே வார்த்தைல சொல்லு. நாளைக்குக் கொத்தனாரு வாராரு."

ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம் என்றுதான் போனை எடுத்தேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். வை என்று சொல்லப் போய் அதையும் நிறுத்தினேன். கடைசியில், "கொத்தனார ரெண்டு நாளு கழிச்சு வரச்சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன். மீனாவுக்கு மட்டுமில்லை. நம் பக்கம் இன்று வீடு கட்டுகிறவர்கள் எல்லோர் கையிலும் இந்த மாதிரி ஒரு பிளான் இருக்கிறது.

2

நாங்கள் நெதர்லாந்துக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. நாட்டின் தெற்குப் பக்கம், தொழிற்சாலைகளும் சைக்கிள் பாதைகளும் நிறைந்த நடுத்தரமான ஊர். என் கணவர் கணேசன் இயந்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். நான் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் அரைநாள் வேலைக்குப் போகிறேன். வந்தபோது கயலுக்கு மூன்று வயது. இப்போது பதினைந்து.

எங்களுக்குக் கிடைத்த வாடகை வீட்டில் சமையலறை என்று தனியாக ஒன்று இல்லை. ஹாலின் ஒரு ஓரத்தில் அடுப்பு, அதற்கு முன்னால் இடுப்புயரத்துக்கு ஒரு மேடை, அவ்வளவுதான். மேடைக்கு இந்தப் பக்கம் சோபா. நடுவில் கதவு கிடையாது, திரை கூடக் கிடையாது. முதல்முறை கருவாடு வறுத்த அன்று சோபா, ஜமுக்காளம், கயலின் துணிப் பொம்மை, எல்லாவற்றிலும் மணம் ஏறிவிட்டது. அதைவிட எனக்குக் கூச்சமாக இருந்தது இன்னொன்று. வீட்டுக்கு வருகிறவர்கள் சோபாவில் உட்கார்ந்தபடி என் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தாளிக்கும்போது மூக்கு அரித்தால் சொறிந்துகொள்ள முடியாது.

ஒரு சுவர் எழுப்பிக் கதவு போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். வாடகை வீடு என்பதால் வீட்டு நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். புதிதாகப் படித்த டச்சு மொழியைப் பயன்படுத்திப் பார்க்கும் ஆசையில் நானே நேரில் போனேன். அவர்கள் மொழியில் சமையலறைக்கும் கோழிக்குஞ்சுக்கும் ஏறக்குறைய ஒரே சொல். நடுவில் வரும் உயிரெழுத்துத்தான் வேறு. அந்த உயிரெழுத்து என் வாயில் இன்றுவரை சரியாக விழுந்ததில்லை. "என் கோழிக்குஞ்சைச் சுற்றி ஒரு சுவர் கட்ட வேண்டும். அது ஹாலிலேயே இருப்பதால் நாற்றம் தாங்கவில்லை" என்று கவுண்டரில் இருந்த பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். அவள் சிரிக்கவே இல்லை. வீட்டுக்குள் கோழி வளர்க்க அனுமதி இல்லையென்றும், தோட்டத்தில் வளர்ப்பதாக இருந்தால் அதற்கு வேறு விண்ணப்பம் என்றும் பொறுமையாக விளக்கினாள். நான் கையால் கிண்டிக் காட்டி, ஊதிக் காட்டி, ஒருவழியாகப் புரியவைத்தேன். சில வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. வெளிச்சமும் காற்றும் தடைப்படும் என்பதால் சுவருக்கு அனுமதி இல்லை.

இரண்டு நாள் அழாத குறையாகத் திரிந்தேன்.

எங்கள் ஊர் திருச்சுழி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர். நான் பிறந்த வீடும் வாக்கப்பட்ட வீடும் ஒரே அமைப்புத்தான். முன்னால் ஆண்கள் உட்காரும் நடுவீடு. அதைத் தாண்டினால் மூட்டை அடுக்கும் இருட்டறை. அதையும் தாண்டித்தான் அடுப்படி. ஆண்களுக்குச் சாப்பாடு என்பது இருட்டறையின் கதவிலிருந்து தட்டில் வெளியே வரும் ஒரு பொருள். உள்ளே யார் இருமினார்கள், யார் விரலைச் சுட்டுக்கொண்டார்கள் என்பது தட்டோடு வெளியே வராது. என் கணவரும் அப்படிச் சாப்பிட்டு வளர்ந்தவர்தான்.

இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் ஒருநாள் கயலுக்குக் காய்ச்சல். இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். அவளை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு மறு கையால் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். அவர் சோபாவில் இருந்தார். வெளியே இருட்டிவிட்டதால் எதிர்ச் சன்னல் கண்ணாடியிலும் நானும் கயலும்தான் தெரிந்தோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் எங்களைப் பார்க்காமல் இருக்க அவருக்கு வழியில்லை. கொஞ்ச நேரம் நெளிந்துவிட்டு எழுந்து வந்தார்.

"நான் என்ன செய்யணும்? சொல்லு."

"உப்புச் சரியா இருக்கான்னு பாருங்க."

"எப்படிப் பாக்கணும்?"

கல்யாணமாகி ஒரு குழந்தைக்குத் தகப்பனானவருக்குக் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கத் தெரியவில்லை. கையைச் சுட்டுக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். காய்ச்சலோடு கயலும் சிரித்தாள்.

அங்கிருந்து ஆரம்பித்ததுதான். வெங்காயம் உரித்தார், அரிசி களைந்தார், பிறகு ரசம் வைத்தார். இன்று எங்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு அவருடையது. அதில் நான் கை வைத்தால் அவருக்குக் கோபம் வரும். என் கணவரை நான் திருத்திவிட்டதாக ஊரில் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். உண்மையில் நான் எதுவும் சொல்லித் திருத்தவில்லை. நான் கேட்ட சுவரை அந்த அதிகாரிகள் கொடுக்கவில்லை. அதனால் நடந்தது.

3

கணேசனின் அம்மா அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அண்ணன் ராமர் பத்து வயது மூத்தவர். ராமரைக் கட்டிக்கொண்டு பாண்டியம்மா அக்கா அந்த வீட்டுக்கு வந்தபோது கணேசன் ஆறாம் வகுப்பு. அவருக்குத் தலைவாரிவிட்டதிலிருந்து காலேஜுக்குக் கட்டுச்சோறு கட்டியது வரை அக்காதான். மதினி என்று சொல்லும்போது அவர் குரலே கொஞ்சம் இறங்கும்.

கரிசல் மண்ணில் நிற்கும் வீட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் மண் வெடிக்கும், மழையில் உப்பும், சுவர் நடுவில் பிளக்கும். எங்கள் வீடும் அப்படிப் பிளந்து, இடித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்றானது. செலவில் பாதி எங்களுடையது என்பதால் பிளானிலும் பாதி எங்களுடையதானது. கணேசன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடியோவில் கொத்தனாரிடம் பேசுவார். அவர் மனதில் ஒரே ஒரு விஷயந்தான் இருந்தது.

"மதினி, அடுப்படிக்குச் சுவரே வேண்டாம். ஹாலோட சேத்துருவோம். நீங்க அந்தப் பொகைக்குள்ள தனியா கெடந்தது போதும். அண்ணனும் கொஞ்சம் பாக்கட்டும்."

"என்னத்தப் பாக்கணும் தம்பி?"

"நீங்க படுற பாட்ட."

அக்கா சிரித்தார். "அவுக பாத்து என்ன ஆகப்போவுது? சரி, உங்க இஷ்டம்."

போனை வைத்தபின் கணேசனின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். தன்னை வளர்த்தவருக்குத் தன்னால் முடிந்த பெரிய காரியத்தைச் செய்கிறோம் என்று நினைத்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்களுக்கு நடந்தது அங்கேயும் நடக்கும் என்று இருவரும் நம்பினோம்.

4

புது வீட்டைப் போன வருடம் ஆடி மாதத்தில்தான் நேரில் பார்த்தோம். இங்கே பள்ளி விடுமுறை அப்போதுதான். மதுரையில் இறங்கிக் காரில் அருப்புக்கோட்டையைத் தாண்டும்போது காற்று மண்ணை வாரிக் கண்ணாடியில் அடித்தது. கயல் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். ஒரு வருடமாகவே அவள் அப்படித்தான். பள்ளிவிட்டு வருவாள், மாடிக்குப் போவாள், கதவைச் சாத்துவாள். சாப்பிடக் கூப்பிட்டால் டச்சில் ஒற்றை வார்த்தை பதில். வளர்கிற பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதைச் சொல்லிக்கொண்டேன்.

வீடு பளபளவென்று இருந்தது. கணேசன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக அடுப்பு மேடைக்குப் போனார். கறுப்புக் கல் பதித்த மேடை. அதன்மேல் ஒரு பால் சட்டி, டீத்தூள் டப்பா, உறை போட்டு மூடிய மிக்ஸி. வேறு எதுவும் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு கூட இல்லை. ஆனால் எங்கிருந்தோ பருப்பு வேகும் வாசம் வந்தது.

வாசத்தைப் பிடித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனோம். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நாலு தகரத்தைச் சாய்த்து ஒரு கொட்டகை. பக்கவாட்டில் பழைய வீட்டை இடித்தபோது கழற்றிய கதவுகளை நட்டு மறைப்பாக்கியிருந்தார்கள். உள்ளே செங்கல் அடுப்பு எரிந்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"வாங்க தம்பி, வா செல்வி. ஆத்தா கயலு, என்ன இப்படி மெலிஞ்சு போயிட்ட?"

"என்ன மதினி இது? அங்க அவ்வளவு பெரிய அடுப்படி இருக்கையில..."

"அங்க பால் காய்ச்சுவேன் தம்பி. டீ போடுவேன்" என்றார் அக்கா, சமாதானம் சொல்வது போல.

அன்று பிற்பகல் என்னிடம் மட்டும் சொன்னார். "முந்தியெல்லாம் உங்க மச்சான் சாப்புடையிலதான் கொற சொல்வாக. இப்ப தாளிக்கையிலேயே சொல்றாக. எண்ணெய் எதுக்கு இம்புட்டு, அடுப்பக் கொறைச்சு வையி, எதுக்கு ரெண்டு கரண்டி... உக்காந்த எடத்துல இருந்தே எல்லாம் தெரியுதுல்ல அவுகளுக்கு? நான் உக்காரவும் முடியல செல்வி. ஹால்ல ஆம்பளையாளுக இருக்கையில எப்படிக் கால நீட்டி உக்கார?"

மறுநாள் காலையில் நான் கண்ணால் பார்த்தேன். ராமர் மச்சானைப் பார்க்க ஊரிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். பருத்தி விலை, மழை, ஒரு லோனு விஷயம் என்று பேச்சு ஓடியது. அக்கா டீ போட மேடைக்கு வந்தார். தலையைக் குனிந்தபடி, பாத்திரம் சத்தம் வராமல் எடுத்தார், வைத்தார். பழைய வீட்டில் அவர் குரல் இருட்டறையைத் தாண்டி வாசலுக்குக் கேட்கும். புது வீட்டில் பத்தடியில் நின்றும் அவர் அந்த இடத்தில் இல்லாத மாதிரி இருந்தது.

கணேசனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்தார். "மதினி, விடுங்க. நான் போடுறேன்."

வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார். "என்ன ராமரு, தம்பிய வெளிநாட்டுக்கு எதுக்கு அனுப்பிச்ச? டீ மாஸ்டர் வேலைக்கா?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். ராமர் மச்சானின் முகம் சுருங்கிவிட்டது. "ஏலே, வந்து உக்காரு" என்றார் மெதுவாக.

இத்தனை வருடமாக எனக்கு ரசம் வைத்துப் போடுகிறவர், வந்து உட்கார்ந்துவிட்டார். அவரை நான் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

அன்று அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் வீட்டுச் சோபாவில் அந்த மூன்று பேர் இருந்ததில்லை. நெதர்லாந்தில் அவர் கரண்டி பிடித்தபோது பார்த்தது நானும் கயலும் மட்டும்தான். சுவர் வேண்டாம் என்ற யோசனையை அவர் ஊருக்குக் கொண்டுபோனார். சொந்தக்காரர் யாரும் பார்க்காத தனிமையை அவரால் கொண்டுபோக முடியவில்லை. அதுதான் அவரை மாற்றியதில் பாதி என்று அதுவரை எங்கள் இருவருக்குமே தெரியாது.

5

சாயங்காலம் நாலு மணி வாக்கில் கொட்டகைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டுச் சோலையம்மா, எதிர்வீட்டு மருமகள், இன்னும் இரண்டு பேர். ஆளுக்கொரு முறத்தில் மிளகாய் வத்தலைக் கொட்டிக்கொண்டு காம்பு கிள்ளினார்கள். நெடி மூக்கில் ஏறி ஒருத்தி தும்முவாள், அடுத்தவள் தும்முவாள், பிறகு எல்லோரும் சிரிப்பார்கள். பழைய வீட்டில் இந்தக் கூட்டம் அடுப்படியில் நடக்கும். நான் புதுப்பெண்ணாக வந்தபோது அழுததும், கயல் வயிற்றில் இருப்பதை முதலில் சொன்னதும் அந்த இருட்டுக்குள்தான். அங்கே ஆண்கள் வர மாட்டார்கள். புகை இருந்தது, வெளிச்சம் இல்லை, முதுகு ஒடிந்தது. ஆனாலும் அந்த வீட்டில் பெண்கள் வாய்விட்டுப் பேசிய ஒரே இடம் அதுவாக இருந்தது. பிளான் போட்டபோது எங்கள் இருவருக்கும் புகைதான் ஞாபகம் வந்தது.

கயல் அந்தக் கொட்டகை வாசலில் போய் நின்றாள். என்ன நினைத்தாளோ, தனக்குத் தெரிந்த தமிழில், "நான் உங்களுக்கு உதறட்டுமா?" என்று கேட்டாள். உதவட்டுமா என்று கேட்க வந்தவள்.

சோலையம்மா ஒரு காலிச் சாக்கை எடுத்து நீட்டினார். "உதறு தாயி, நல்லா உதறு."

அவளும் வாங்கி மும்முரமாக உதறினாள். மிளகாய்த் தூசி பறந்து எல்லோரும் தும்மித் தள்ளினார்கள். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே கொஞ்சம் நகர்ந்து தரையில் இடம் விட்டார். கயல் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு தினமும் அங்கேதான் கிடந்தாள். காதில் பாட்டு இல்லை. தெரியாத வார்த்தைக்குக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். எங்கள் வீட்டில் ஒரு வருடத்தில் பேசாததை அங்கே ஒரு வாரத்தில் பேசியிருப்பாள். ஒருநாள் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே அவள் குரல் தழுதழுத்தது. பிறகு எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பெரிய சிரிப்பு. அதில் கயலின் சிரிப்பும் இருந்தது.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவிடம் கேட்டேன். "அக்கா, கயலு உங்ககிட்ட என்ன சொன்னா?"

"அத அவகிட்ட கேளு."

"எங்கிட்டச் சொல்ல மாட்டேங்குறாக்கா."

"அப்ப நான் சொன்னா மட்டும் நல்லா இருக்குமா?" என்றார். கோபமாக இல்லை. என் தோளில் கை வைத்துத்தான் சொன்னார். "பொறு. அவளா சொல்லுவா. பெரிய விஷயமெல்லாம் இல்ல, பயப்படாத."

இதற்கிடையில் ராமர் மச்சானும் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். ஹாலில் டிவி முன்னால் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, நான் உங்க அக்காவ என்ன சொல்லிட்டேன்? எந்நேரமும் பின்னாடியே கெடக்கா. இம்புட்டுப் பெரிய வீடு வெறிச்சுன்னு கெடக்கு." அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த வீட்டில் அவருக்கும் பேச்சுத்துணை இல்லாமல் போயிருந்தது. "நீங்க கொஞ்சம் கொற சொல்லாம இருந்து பாருங்க மச்சான்" என்றேன். "நான் எங்க கொற சொன்னேன்? கண்ணுல பட்டதச் சொன்னேன்" என்றார். அதுவும் உண்மைதான். முன்பு கண்ணில் படவில்லை.

கிளம்புவதற்கு முந்தைய நாள் கணேசன் டீ கேட்டுக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனார். வாசலில் அவர் நிழல் விழுந்ததும் உள்ளே பேச்சு அறுந்தது. ஒருத்தி முந்தானையை இழுத்துக்கொண்டாள், நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள். சோலையம்மா முறத்தைப் பார்த்துக் குனிந்தார். கயல்கூட வாயை மூடிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு டீயை வாங்காமலே திரும்பி வந்தார்.

அக்கா பின்னாலேயே டீயோடு வந்தார். கணேசன் டீயை வாங்கிக்கொண்டு, "மதினி, நான் தப்புப் பண்ணிட்டேன். ஊருக்குப் போறதுக்குள்ள கொத்தனார வரச்சொல்லி அந்தச் சுவர எழுப்பிருவோம்" என்றார்.

"இடிச்சதும் கட்டுனதும் போதும் தம்பி. நல்லதுக்குத்தான செஞ்சீக? பால் காய்ச்ச அந்த எடம் நல்லாத்தான் இருக்கு." அக்கா கொஞ்சம் தயங்கினார். "எனக்கு எதுவும் செய்யணும்னா, அந்தக் கொட்டகைல ஒரு லைட்டும் ஃபேனும் போட்டுக் குடுங்க. ஒரு கதவும் வேணும். தாப்பாள உள்பக்கமா வையிங்க."

மறுநாள் விமானத்துக்குக் கிளம்பும்வரை கணேசன் சுத்தியலும் திருப்புளியுமாகக் கொட்டகையில் நின்றார். பழைய கதவுகளில் ஒன்றையே வாசலுக்கு மாட்டி, தாழ்ப்பாளையும் அவரே முடுக்கினார். முடித்ததும் உள்ளிருந்து பூட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டார்.

6

நாங்கள் திரும்பி வந்து கொஞ்ச நாளில் அக்காவுக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்தது. அடுப்புச் சூடும் புகையும் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அவர்கள் மகன் திருப்பூரில் வேலையில் இருக்கிறான். வீட்டில் மச்சானும் அக்காவும் மட்டும். யார் சமைக்கிறார்கள் என்று கவலையோடு போன் செய்தேன். அக்கா பேச முடியாமல் சிரித்தார்.

"உங்க மச்சாந்தான். தெருக்கதவத் தாப்பாப் போட்டுட்டுல்ல ரசம் வைக்காக! நான் சோபால சாஞ்சுக்கிட்டு, இப்பப் புளியக் கரைங்க, இப்பத் தாளிங்கன்னு சொல்லுவேன். யாரும் கதவத் தட்டுனா கரண்டிய எங்கையில குடுத்துட்டுப் போயித் தொறக்காக. வந்தவுக, கண்ணுல கட்டோட என்னடி சமையலுங்காக எங்கிட்ட!"

பின்னாலிருந்து மச்சானின் குரல் கேட்டது. "ஏய், அதையெல்லாமா சொல்லுவ?" அதில் கோபம் இல்லை. வெட்கம்தான் இருந்தது. அக்காவுக்குக் கண் குணமான பிறகும் ராத்திரி ரசம் அவர் கணக்கில்தான் நடக்கிறதாம். தெருக்கதவு மட்டும் சாத்தியிருக்க வேண்டும். ஒரு மனுஷன் மாறுவதற்கும் கொஞ்சம் மறைப்பு வேண்டியிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். எங்களுக்கு அந்த மறைப்பாக ஒரு கடலே இருந்தது.

கயலுக்குப் பள்ளி தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை ஊரிலிருந்து கொண்டுவந்த வத்தலைக் காம்பு கிள்ள எடுத்தேன். ஏதோ தோன்றி, மேசையில் வைக்காமல் அடுப்பு மேடைக்குப் பின்னால் தரையில் தாளை விரித்து உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்தால் சோபாவிலிருந்து தெரியாது. இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை.

கயல் தண்ணீர் குடிக்க வந்தாள். என்னைப் பார்த்தாள். கேட்காமலே எதிரில் உட்கார்ந்து ஒரு கை வத்தலை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் கணேசன் குழம்புக்குப் புளி எடுக்க வந்தார்.

"ஏங்க, நீங்க கொஞ்ச நேரம் மாடில இருங்களேன்" என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. புளியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு மேலே போனார்.

வெகுநேரம் இரண்டு பேரும் கிள்ளிக்கொண்டிருந்தோம். கயல் தும்மினாள். பிறகு தலையை நிமிர்த்தாமல் பேச ஆரம்பித்தாள், பாதி தமிழ், பாதி டச்சு.

"அம்மா, ஸ்கூல்ல சாப்பிடுற ஹால்ல ஒரு மேசைக்கு ஆறு ஸ்டூல். தரையோட சேத்துப் போல்ட் போட்டிருக்கும். நாங்க ஃபிரண்ட்ஸ் ஏழு பேர்."

என் கை நின்றுவிட்டது. நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாளோ என்று மறுபடி கிள்ள ஆரம்பித்தேன்.

"யாரும் உன்னப் போகச் சொன்னாங்களா?"

"இல்ல. யாரும் எதுவும் சொல்லல. கடைசியா வர்றவங்களுக்கு எடம் இருக்காது. அவ்வளவுதான். போன வருஷம் சாப்பாட்டுக்கு முன்னாடி என் கிளாஸ் மேல் மாடில. எப்பவும் நான்தான் கடைசி."

"அப்ப எங்க சாப்பிட்ட?"

"சைக்கிள் நிறுத்துற எடத்துல."

ஒரு வருடம். மழையிலும் குளிரிலும் ரொட்டி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சைக்கிள்களுக்கு நடுவில் என் மகள். சாயங்காலம் வந்து மாடிக் கதவைச் சாத்திக்கொண்டபோது, வளர்கிற பிள்ளை என்று சொல்லிக்கொண்ட நான். வீட்டில் அவளுக்கு இரண்டே இடங்கள் இருந்தன. எல்லோருக்கும் எல்லாம் கேட்கும் ஹால் ஒன்று. கேட்க ஆளே இல்லாத அவள் அறை ஒன்று.

"பெரியம்மாகிட்ட இதத்தான் சொன்னியா?"

"ம். அவங்களுக்கு முதல்ல புரியல. ஸ்டூல நகத்திப் போடக் கூடாதான்னு கேட்டாங்க. பூட்டி வச்சிருக்குன்னு சொன்னேன். அந்தச் சோலையம்மா ஆன்ட்டி, உக்கார்ற ஸ்டூலுக்கு எதுக்குடி பூட்டு, அது என்ன ஆடா மாடா, அத்துக்கிட்டு ஓடுறதுக்குன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டேன் அம்மா." கயல் ஒரு வத்தலைக் கிள்ளித் தாளில் போட்டாள். "அதுவரைக்கும் எங்கிட்டதான் ஏதோ தப்புன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

நான் கையைத் துடைத்துக்கொண்டு அவளைத் தொடப் போனேன். மிளகாய்க் கை என்று ஞாபகம் வந்து நிறுத்தினேன். அவளே கொஞ்சம் நகர்ந்து என் தோளில் சாய்ந்தாள்.

"நான் வந்து டீச்சர்கிட்டப் பேசட்டுமா?"

"வேண்டாம். இப்ப நான் சன்னலுக்குக் கீழ தரைல உக்காந்துதான் சாப்பிடுறேன். ரெண்டு நாள் தனியா இருந்தேன். மூணாவது நாள் ஒருத்தி வந்தா. இப்ப மூணு பேரு. தரைல எடம் காலியாவே இருக்கு அம்மா, எத்தன பேரு வந்தாலும் நகந்துக்கலாம்."

மாடிப்படியில் சத்தம் கேட்டது. கணேசன் பாதிப் படியில் நின்று குரல் கொடுத்தார். "நான் கீழ வரலாமா?"

கயல் என்னைப் பார்த்தாள். பிறகு மேடைக்குப் பின்னாலிருந்தே சத்தமாகச் சொன்னாள். "இன்னும் கொஞ்ச நேரம் அப்பா."

அவர் படியேறிப் போகும் சத்தம் கேட்டது. அவள் இன்னொரு கை வத்தலை எடுத்துத் தாளில் பரப்பிக்கொண்டு, "அப்புறம் அம்மா..." என்று ஆரம்பித்தாள்.